அரசுச் செய்தியை மக்களிடம் கொண்டுசேர்ப்பது எப்படி? குமரி மாவட்ட அலுவலகங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வட்டாட்சியர் அலுவலகமோ, பேரூராட்சியோ, மீன்வளமோ, நீர்வளமோ, எந்தத் துறையில் இருந்தாலும் ஒரு நாள் உங்கள் மேசைக்கு இந்த வேலை வந்தே தீரும்: "இதை ஒரு பத்திரிகைச் செய்தியாத் தயார் பண்ணி பி.ஆர்.ஓ. ஆபீசுக்கு அனுப்பிருங்க." சொன்னவர் போய்விடுவார். எப்படி எழுதுவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. பழைய கோப்பிலிருந்து ஒன்றை உருவி, தேதியை மாற்றி அனுப்புவதுதான் வழக்கம். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

பல வருடம் இதைச் செய்து, புதிதாக வருகிறவர்கள் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்த பிறகு எழுதுகிறேன். தமிழ் தெரியாமலோ வேலை தெரியாமலோ யாரும் விழுவதில்லை. கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்வதால்தான் விழுகிறார்கள். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூல ஆவணம். அரசாணை, வானிலை அறிவிக்கை, அணையின் நீர்மட்டப் பதிவேடு, கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, எதுவானாலும் தாள் கையில் இருக்க வேண்டும். தொலைபேசியில் கேட்டதை வைத்து எழுதத் தொடங்கினால், 15 எப்போது 50 ஆனது என்று பிறகு யாருக்கும் தெரியாது.

பதில் சொல்லக்கூடிய ஒருவரின் எண். செய்தி போன பிறகு மாலையில் நிருபர் கூப்பிட்டு, "இது புதுத் திட்டமா, பழசா? மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்கும் உண்டா?" என்று கேட்பார். அப்போது போனை எடுக்கும் ஆள் வேண்டும். அலுவலக மேசை எண்ணைக் கொடுத்தால் 6 மணிக்கு மேல் மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்தில் (பி.ஆர்.ஓ. ஆபீஸ் என்பது இதுதான்) தெரிந்த ஒரு முகம். நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகும்போது ஒரு தடவை அங்கே ஏறி, செய்திப் பிரிவைப் பார்க்கும் உதவி மக்கள் தொடர்பு அலுவலரிடம் அறிமுகமாகிக்கொள்ளுங்கள். மழை கொட்டுகிற இரவில் முதன்முதலாகப் பேசும் குரலாக உங்கள் குரல் இருக்கக் கூடாது.

உங்கள் சொந்தப் பட்டியல். பேரூராட்சிச் செயல் அலுவலர்கள், கிராம நிர்வாக அலுவலர்கள், கடலோரப் பங்குத்தந்தையர், விசைப்படகுச் சங்கங்கள், பாசனச் சங்கத் தலைவர்கள், சந்தைக் குத்தகைதாரர்கள். இதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். பங்குத்தந்தையருக்கு இடமாற்றம் உண்டு, செயல் அலுவலருக்கும் உண்டு. பழைய எண்ணுக்குப் போன எச்சரிக்கை எச்சரிக்கையே இல்லை.

1. யாருக்குச் சொல்கிறோம் என்று தீர்மானியுங்கள்

கடல் சீற்றம் பற்றி ஒரு அறிவிப்பு எழுதி, பரப்புவதற்காகக் குளச்சல் பக்கம் ஒரு பெரியவரிடம் வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "சாரே, இது கரையில நிக்கிறவனுக்கா, கடல்ல போனவனுக்கா?" என்னிடம் பதில் இல்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதியிருந்தேன். அதனால் இரண்டு பேருக்கும் அது உதவவில்லை.

அதிலிருந்து, எழுத உட்காரும் முன் ஒரு துண்டுத் தாளில் இரண்டு வரி எழுதிக்கொள்வேன். இதைக் கேட்க வேண்டியவர் யார்? கேட்டதும் அவர் என்ன செய்ய வேண்டும்? இரண்டாவது வரிக்குப் பதில் "அறிந்துகொள்ள வேண்டும்" என்று மட்டும் வந்தால், அந்தச் செய்தி ஒரு நாள் பொறுக்கும். அவசரமாக அனுப்பத் தேவையில்லை.

இதே இடத்தில் இன்னொன்றையும் பிரித்துவிடுங்கள். ஏலம், ஒப்பந்தப்புள்ளி போன்றவை விளம்பரம். அவற்றுக்குத் தனி நடைமுறை, தனிக் கட்டணம், மாற்றக் கூடாத வாசகம் எல்லாம் உண்டு. அதைச் செய்திக்குறிப்பாக மாற்றி இலவசமாகப் போடவைக்கலாம் என்று நினைத்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பத்திரிகையும் போடாது, பிறகு தணிக்கையும் விடாது.

2. தகவலை ஒரு தாளில் கட்டுங்கள்

வாக்கியம் அமைக்கும் முன் வெறும் தகவலை மட்டும் எழுதுங்கள்: என்ன, எங்கே, எந்தத் தேதி, எத்தனை மணி, யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது, என்ன கொண்டுவர வேண்டும், யாரைக் கேட்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எந்த ஆவணத்தில் இருக்கிறது என்று குறியுங்கள்.

தேதியோடு கிழமையையும் எழுதி, நாட்காட்டியைப் பார்த்துச் சரிபாருங்கள். தேதியும் கிழமையும் பொருந்தாத அறிவிப்பில் மக்கள் கிழமையைத்தான் நம்புவார்கள், அலுவலகம் தேதியை நம்பும். முகாம் நாளில் பந்தலில் ஆள் இருக்காது.

வானிலைச் சொற்களை அலங்காரத்துக்காக மாற்றக் கூடாது. 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை, 12 முதல் 20 செ.மீ. வரை என்றால் மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. வானிலை மையம் "மிக கனமழை" என்று சொன்னதை "பலத்த மழை" என்று எழுதினால் அளவு காணாமல் போகிறது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறத்தை மட்டும் எழுதுவதும் போதாது. ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் உடனே செயல்படு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

3. ஊர்ப் பெயரைச் சரிபாருங்கள்

இதற்கு ஏன் தனித் தலைப்பு என்று வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள் கேட்பார்கள். ஒரு மழைக்காலம் இங்கே இருந்தால் கேட்க மாட்டார்கள்.

"கன்னியாகுமரியில் பள்ளிகளுக்கு விடுமுறை" என்றால் ஊருக்கா, மாவட்டத்துக்கா? "மாவட்டம் முழுவதும்" என்ற இரண்டு சொல்லைச் சேர்த்தால் நூறு தொலைபேசி அழைப்பு மிச்சம். "தாமிரபரணி ஆற்றில் வெள்ளம்" என்று எழுதினால் அது வாட்ஸ்அப்பில் திருநெல்வேலி வரை போய் அங்கே பீதி கிளப்பும். குழித்துறை வழியாக ஓடும் ஆற்றுக்கும் இங்கே அதே பெயர்தான். "குழித்துறை தாமிரபரணி" என்று எழுதுங்கள்.

அலுவலகப் பெயரும் ஊர் வாயில் வழங்கும் பெயரும் வேறாக இருக்கும். விளவங்கோடு வட்டாட்சியர் அலுவலகம் இருப்பது குழித்துறையில். கல்குளம் வட்டாட்சியர் அலுவலகம் தக்கலையில். தோவாளை வட்டத்துக்குப் பூதப்பாண்டி. "கல்குளம் வட்டாட்சியர் அலுவலகத்தில் முகாம்" என்று மட்டும் போட்டால் புதிதாகக் குடிவந்தவர் எந்த பஸ்ஸில் ஏறுவார்? மணக்குடி என்றால் ஆற்றுக்கு இந்தப் பக்கம் கீழமணக்குடி, அந்தப் பக்கம் மேலமணக்குடி. பத்மநாபபுரம் என்பது நகராட்சி, வருவாய்க் கோட்டம், சட்டமன்றத் தொகுதி என மூன்றுக்கும் பெயர். எதைச் சொல்கிறீர்கள் என்று எழுதியே ஆக வேண்டும்.

4. முதல் வாக்கியத்தை எழுதுங்கள்

பாதி வேலை இதுதான். நம் அலுவலகத் தமிழ் இப்படித் தொடங்கும்: "தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் 1983-ன் கீழ் மீன்வளத்தைப் பேணிக் காக்கும் பொருட்டு ஆண்டுதோறும் 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம் அமல்படுத்தப்பட்டு வருவதைத் தொடர்ந்து, இவ்வாண்டும்..." என்று போய், ஆட்சியர் பெயர், பதவி எல்லாம் கடந்து, எட்டாவது வரியில் தேதி வரும். பத்திரிகையில் இடம் குறைந்தால் கீழிருந்துதான் வெட்டுவார்கள். முதலில் போவது தேதி.

இதில் நம் மாவட்டத்துக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. தடைக்காலம் இங்கே ஒன்றல்ல, இரண்டு. கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கன்னியாகுமரி நகரம்தான் எல்லை. சென்னையிலிருந்து வரும் பொது அறிவிப்பை அப்படியே படியெடுத்து அனுப்பினால், குளச்சல்காரர் எந்தத் தேதியை எடுத்துக்கொள்வது?

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"சின்னமுட்டம் துறைமுகத்தின் விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கடலுக்குப் போகக் கூடாது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. நாட்டுப்படகுகளுக்கு இந்தத் தடை இல்லை."

மூன்று வாக்கியம். துறைமுகத்தின் பெயர் முதலில் வருகிறது. தன் துறைமுகம் கண்ணில் பட்டவுடன் படகுக்காரர் அந்த வரியில் நிற்பார். தடை யாருக்கு இல்லை என்பதும் இருக்கிறது. அது இல்லாவிட்டால் கட்டுமரக்காரர்கள் தேவையில்லாமல் அலுவலகத்துக்கு நடப்பார்கள். சட்டத்தின் பெயர், ஆட்சியர் பெயர் எல்லாம் அடுத்த பத்தியில் வரட்டும். அவற்றை விட முடியாது, விடவும் கூடாது. அறிவிப்புக்கு அதிகாரம் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அவை முதல் வரியை விழுங்கக் கூடாது.

"மேலதிகாரி பெயரை இரண்டாம் பத்தியில் போட்டால் கோபப்பட மாட்டாரா?" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். "குமரி மாவட்டத்தில் நாளை பள்ளிகளுக்கு விடுமுறை: ஆட்சியர் அறிவிப்பு" என்று தலைப்பிலேயே பதவியை வைத்துவிடுங்கள். எனக்குத் தெரிந்து யாரும் கோபப்பட்டதில்லை.

5. மீதிப் பத்திகள்: கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில்

முதல் வாக்கியத்தைக் கேட்டவர் அடுத்து என்ன கேட்பார் என்று நினைத்து, அதே வரிசையில் எழுதுங்கள். உள்ளூர் விடுமுறை அறிவிப்பு இதற்கு நல்ல உதாரணம். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, மாசியில் மண்டைக்காடு கொடை, மார்கழியில் சுசீந்திரம் தேரோட்டம் போன்ற நாட்களுக்கு இந்த அறிவிப்பு வரும்.

விடுமுறை என்று சொன்னவுடன் எழும் கேள்விகள்: பேங்க் உண்டா? நாளைக்குப் பரீட்சை உண்டா? இதற்குப் பதில் என்றைக்கு வேலை நாள்? "செலாவணி முறிச் சட்டம் 1881-ன் கீழ் வராது" என்று ஒரு வரி எல்லா அறிவிப்பிலும் இருக்கும். அந்த வரி எதற்கு என்று மக்களுக்குத் தெரியாது, எழுதுகிறவர்களிலும் பாதிப் பேருக்குத் தெரியாது. அதன் பொருள், வங்கிகளுக்கு இந்த விடுமுறை பொருந்தாது என்பதுதான். அதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். ஈடுசெய்யும் வேலை நாளின் தேதியை மறக்க வேண்டாம். இதை விட்டுவிட்டால் அந்தச் சனிக்கிழமை பாதிப் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள்.

மழை விடுமுறை என்றால் பள்ளிக்கு மட்டுமா, கல்லூரிக்கும் சேர்த்தா என்பதை எழுதாமல் விடக் கூடாது. "கல்வி நிறுவனங்கள்" என்ற சொல்லைத் தவிருங்கள்.

கடைசியில் தொடர்பு எண். பேரிடர் செய்தி என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077. கடலில் ஆபத்து என்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, கடலோரக் காவல் படையின் 1554. எந்த எண் எதற்கு என்று பக்கத்திலேயே சொல்ல வேண்டும். எண்களை வரிசையாக அடுக்கினால் யாரும் எதையும் அழைக்க மாட்டார்கள்.

நீளம் ஒரு பக்கம். இரண்டாவது பக்கத்துக்குப் போனால் அது துறையின் ஆண்டறிக்கை.

6. ஒப்புதல், அதற்குப் பிறகே மற்றதெல்லாம்

உங்கள் மாவட்ட அலுவலர் கையெழுத்து, பிறகு ஆட்சியர் ஒப்புதல், பிறகு செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்தில் திருத்தி, செ.வெ. (செய்தி வெளியீடு) எண்ணும் தேதியும் இட்டு வெளியீடு. இந்த எண் விழும் வரை உங்களிடம் இருப்பது வரைவு. வரைவு அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது.

இது நான் சூடுபட்டுக் கற்றது. ஒரு சிறப்பு முகாம் செய்தி ஒப்புதலுக்குப் போயிருந்தது. தெரிந்த நிருபர் ஒருவர் கேட்டார். நல்லெண்ணத்தில் வரைவைக் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை செய்தி வந்துவிட்டது. ஒப்புதலில் தேதி ஒரு வாரம் தள்ளிப்போயிருந்தது. பழைய தேதியில் ஆறுகாணி பக்கத்திலிருந்து ஒரு பாட்டி இரண்டு பஸ் மாறி வந்து, பூட்டிய மண்டபத்தின் படியில் உட்கார்ந்திருந்தார். கையில் ரேஷன் கார்டு, மருத்துவச் சான்று எல்லாம் ஒரு நெகிழிப் பைக்குள். மேலே மடித்து வைத்த அந்தப் பேப்பர் துண்டு. "பேப்பர்ல பாத்துட்டுத்தான் வந்தேன் மக்களே" என்றார். திரும்பிப் போக பஸ் காசு கொடுக்கலாம்; போன நாளை யார் கொடுப்பது?

அவசரமான விஷயங்களில் ஒப்புதலை வேகப்படுத்த ஒரு வழி உண்டு. அணை திறப்பு, கடல் சீற்றம், மழை விடுமுறை ஆகிய மூன்றுக்கும் வாசகத்தை முன்பே எழுதி, ஒப்புதல் வாங்கி, தேதியும் அளவும் மட்டும் காலியாக விட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரவு 10 மணிக்கு வாக்கியம் அமைக்க யாராலும் முடியாது. இரண்டு எண்ணை நிரப்ப முடியும்.

7. எழுத்துரு, கோப்பு, படம்

யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். வானவில்லிலோ பாமினியிலோ அடித்த கோப்பு அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும். பத்திரிகை அலுவலகத்தில் மாற்றித் தட்டச்சு செய்வார்கள், அப்போதுதான் ஊர்ப் பெயரும் எண்ணும் பிழையாகும்.

கையெழுத்திட்ட பிரதியை ஸ்கேன் செய்து மட்டும் அனுப்புவது அடுத்த தவறு. அதிலிருந்து எழுத்தைப் படியெடுக்க முடியாது. ஸ்கேன் பிரதி நம்பகத்துக்கு, உரைக் கோப்பு பயன்பாட்டுக்கு. இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள்.

படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், அல்லது மின்னஞ்சல். படத்தில் இருப்பவர்களின் பெயரும் பதவியும் இடமிருந்து வலமாக. பொன்னாடை போர்த்தும் படத்தை விட, நிவாரண முகாமில் சாப்பாடு பரிமாறும் படத்தைப் பத்திரிகைகள் விரும்பிப் போடும்.

பயனாளிகளின் படம் என்றால் அவர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள். ஆதார் எண், வங்கிக் கணக்குப் புத்தகம் படத்தில் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தை தொடர்பான எதிலும் பெயர், பள்ளி, தெரு, பெற்றோர் விவரம் எதுவும் வரக் கூடாது. போக்சோ சட்டப்படி அது குற்றம். "பெயர் போடவில்லையே, ஊர் மட்டும்தானே" என்பது பதிலாகாது. சிறிய ஊரில் ஊரே பெயர்தான்.

8. எந்த வழியில் அனுப்புவது

செய்தி மக்கள் தொடர்பு அலுவலகம் பத்திரிகை, தொலைக்காட்சி, வானொலி எல்லாவற்றுக்கும் அனுப்பிவிடும். அத்தோடு நம் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். முதல் படியில் எழுதிய துண்டுத் தாளை இப்போது எடுங்கள். அந்த ஆள் எந்த நேரத்தில் எங்கே இருப்பார், எதைக் கேட்பார்?

கரையோரக் கிராமம் என்றால் ஆலய ஒலிபெருக்கிதான் வேகமானது. பங்குத்தந்தைக்கு ஒரு பக்க அறிவிப்பை அனுப்பாதீர்கள். மைக்கில் அப்படியே வாசிக்கக்கூடிய நான்கு வரியை அனுப்புங்கள். அடைப்புக்குறியும் சட்டப் பிரிவும் மைக்கில் வாசிக்க முடியாதவை.

கடலில் இருப்பவர் கதை வேறு. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் படகுகள் பல வாரம் கடலில் தங்குகின்றன. கொச்சியைத் தளமாக வைத்துப் போகிறவர்களும் நிறைய. நாகர்கோவில் பத்திரிகையில் வரும் செய்தி அவர்களுக்கு எப்படிப் போகும்? 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, எச்சரிக்கை வருவதற்குள் அவர்களில் பலர் தொலைவில் இருந்தார்கள். கரையில் எத்தனை அறிவிப்பு ஒட்டினாலும் பலனில்லாத நிலை. ஆகவே படகு உரிமையாளர்கள், சங்கங்கள், வயர்லெஸ் மூலம் படகுகளோடு பேசுகிறவர்கள், கேரளத் துறைமுகங்களில் உள்ள மீன்வள அலுவலகங்கள் என்று தனிச் சங்கிலி வேண்டும். அறிவிப்பிலும் "கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்பதோடு "கடலில் இருப்பவர்கள் எந்தத் துறைமுகம் பக்கமோ அங்கே ஒதுங்கவும்" என்று இரண்டாவது வரி வேண்டும். குளச்சல் பெரியவர் கேட்டது இதைத்தான்.

மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு, அவரை எல்லோரும் மறந்துவிடுவோம்: சுற்றுலா வந்தவர். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் வெளியூரிலிருந்து வந்த மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். அந்த நாட்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. கள்ளக்கடல் என்றால் இங்கே காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். எங்கோ தூரத்தில் எழுந்த பேரலை வந்து திடீரென்று கரையில் ஏறும். கடற்கரைக்காரருக்கு அந்தச் சொல் புரியும். திருச்சியிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வந்தவருக்கு அது சொல்லாகவே கேட்காது. "கடல் அமைதியாகத் தெரிந்தாலும் திடீரென்று பெரிய அலை வரும், காலை நனைக்கக்கூட இறங்காதீர்கள்" என்று எழுத வேண்டும். விடுதி வரவேற்பு மேசை, வாகன நிறுத்தம், படகுத் துறை டிக்கெட் வரிசை ஆகிய இடங்களில் தமிழோடு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மலையாளத்திலும் ஒட்ட வேண்டும். ஐயப்ப சீசனில் தெலுங்கும் கன்னடமும் சேரும்.

ஆற்றுக்கும் இதே கணக்கு. பேச்சிப்பாறை அணையின் முழுக் கொள்ளளவு 48 அடி, பெருஞ்சாணி அணைக்கு 77 அடி. பத்திரிகையில் தினமும் அடிக்கணக்கு வரும். ஆனால் குழித்துறை சப்பாத்தில் (ஆற்றின் குறுக்கே உள்ள தாழ்வான பாலம்) நடக்கிறவருக்கு அடிக்கணக்கு எதற்கு? பேச்சிப்பாறையில் உபரிநீர் திறந்தால் கோதையாறு வழியாகத் திற்பரப்பு, பிறகு மூவாற்றுமுகம், குழித்துறை, கடைசியில் வைக்கலூர், மங்காடு என்று தண்ணீர் இறங்கும். இதே வரிசையில் ஊர்களை எழுதி, "இன்று மாலை முதல் சப்பாத்தில் யாரும் இறங்க வேண்டாம்" என்று சொன்னால் போதும். அறிவிப்பையும் இதே வரிசையில் கொடுங்கள்: முதலில் திற்பரப்பு பேரூராட்சி, அருவியில் குளிக்கிறவர்களை ஏற்றிவிட, கடைசியில் முஞ்சிறைப் பக்கத்து ஆட்டோ ஒலிபெருக்கி.

மலையோர ரப்பர் தோட்டத் தொழிலாளி விடியும் முன்பே பால் வெட்டப் போய்விடுவார். காலைப் பத்திரிகை அவருக்குப் பிந்திய செய்தி. முந்தின நாள் மாலை நாகர்கோவில் வானொலியின் 101 பண்பலையில் வரும் அறிவிப்பு உதவும். வானொலிக்குத் தனியாக எழுதிக் கொடுங்கள்: குட்டி வாக்கியம், ஒரு வாக்கியத்துக்கு ஒரு எண், தேதியை இரண்டு தடவை. காதால் கேட்பவர் திரும்பி மேல் வரியைப் பார்க்க முடியாது.

வாட்ஸ்அப் பதிவில் செ.வெ. எண், முழுத் தேதி, வருடம், எதுவரை செல்லும் என்ற நான்கும் மேலேயே இருக்கட்டும். "நாளை விடுமுறை" என்று மட்டும் எழுதிய படம் அடுத்த வருடமும் மழை பெய்யும்போது புத்தம் புதிதாக வந்து நிற்கும்.

9. நேரம்

அவசரமில்லாத செய்தியைப் பிற்பகல் 3 மணிக்குள் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள். அவர்கள் திருத்தி அனுப்ப வேண்டும், பத்திரிகைகளும் பக்கம் முடிக்க வேண்டும். முகாம் செய்தியை முந்தின நாள் மட்டும் போட்டால் அரைகுறையாகப் போகும். ஐந்து நாள் முன்பு ஒரு தடவை, முந்தின நாள் ஒரு தடவை. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் எல்லாத் துறைச் செய்தியும் ஒன்றாகக் குவியும். அவசரம் இல்லாததைச் செவ்வாய்க்குத் தள்ளுங்கள்.

10. அனுப்பிய பிறகு

மறுநாள் பத்திரிகைகளில் வந்ததை வெட்டிக் கோப்பில் ஒட்டுவது எல்லோரும் செய்வது. அதோடு, மூல வாசகத்தோடு ஒப்பிட்டுப் படியுங்கள். மூன்று பத்திரிகை ஒரே இடத்தில் தவறாகப் போட்டிருந்தால் தவறு உங்கள் வாக்கியத்தில்தான்.

பிறகு ஐந்து பேருக்குப் போன் போடுங்கள். பட்டியலில் உள்ள செயல் அலுவலர் வேண்டாம். அவர் "வந்துச்சு சார்" என்றுதான் சொல்வார். வடசேரி சந்தையில் ஒருவர், தேங்காய்ப்பட்டணத்தில் ஒருவர், பேச்சிப்பாறைப் பக்கம் ஒருவர். "கேள்விப்பட்டீர்களா?" என்று கேட்காதீர்கள். "நாளைக்கு என்ன செய்யப் போறீங்க?" என்று கேளுங்கள். செய்தி போய்ச் சேர்ந்ததா என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

11. தவறு நேர்ந்தால், வதந்தி கிளம்பினால்

நம் தவறு என்றால் மறைக்காமல் திருத்தம் வெளியிடுங்கள். முதல் செ.வெ. எண்ணைக் குறிப்பிட்டு, "15-ஆம் தேதி என்று தவறாக வெளியானது; சரியான தேதி 22" என்று நேராகச் சொல்லுங்கள். முன்னதைச் சொல்லாமல் புதிய தேதியோடு இன்னொரு செய்தி விட்டால், ஊரில் இரண்டு முகாம் என்று பேச்சு கிளம்பும்.

வதந்தி என்றால் முதலில் செய்ய வேண்டியது மறுப்பு எழுதுவதல்ல, விசாரிப்பது. அணை உடைந்தது என்று வந்தால் அணைப் பொறியாளரிடம் பேசி, அந்த நேரத்து நீர்மட்டத்தை வாங்குங்கள். பிறகு உண்மையை முதல் வரியில் வையுங்கள்: "பேச்சிப்பாறை அணை பாதுகாப்பாக உள்ளது. காலை 8 மணி நீர்மட்டம் இவ்வளவு." பரவும் பொய்ப் படத்தை நீங்களே மறுபடி பகிர வேண்டாம், மேலே சிவப்புக் கோடு போட்டாலும் சிறிய திரையில் படம்தான் தெரியும், கோடு தெரியாது. "பொதுமக்கள் பீதியடைய வேண்டாம்" என்ற வரியை மட்டும் தனியாக விடாதீர்கள். காரணம் சொல்லாமல் பயப்படாதே என்றால், ஏதோ இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.

12. தேர்தல் நடத்தை விதி வந்துவிட்டால்

அறிவிப்பு வந்த அன்றே திட்ட விளம்பரம், பயனாளிச் செய்தி, அமைச்சர் படம் எல்லாம் நிற்க வேண்டும். பழைய பதாகைகள், அலுவலகச் சுவரில் உள்ளவை, இணையப் பக்கத்தில் உள்ளவை உட்பட. மழை, கடல், குடிநீர், நோய்த் தடுப்பு போன்ற எச்சரிக்கைச் செய்திகள் போகலாம். அவற்றில் யாருடைய பெருமையும் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் அனுப்பும் முன் தேர்தல் பிரிவைக் கேளுங்கள்.

முன்பே ஒப்புதல் வாங்கி வைத்த அந்த மூன்று வாசகங்களையும் அன்றைக்கே எடுத்து, திட்டத்தின் பெயரோ தலைவர் பெயரோ அதில் எங்காவது இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஏப்ரலில் தேர்தல் என்றால் அதே மாதம் 15-ஆம் தேதி சின்னமுட்டத்தில் தடைக்காலமும் தொடங்கும்.